சிறுதேரும் சிறுபடகும்

குழந்தைகளின் கைக்கு மரத்தினாற் செய்த விளையாட்டுப் பொருளைக் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழமையானது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையிலே, ஏறிச் செல்லுதற்கு ஆகாததும் உருட்டி விளையாடுதற்கே உரியதுமாகிய தச்சர் செய்த சிறுதேரைத் தளர்நடைப் புதல்வர் உருட்டித் திரிதலைக் காண்கிறோம். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியாக வைக்கப்பட்டதும் சிறுதேர்ப் பருவமே. ஆனால் இவ்விடங்களிலெல்லாம் தேர் முன்னரே செய்து முடிக்கப்பட்டதாய் இருக்கின்றது. குழந்தை அதனை உருட்டுகின்றது, அவ்வளவே. தேர் செய்யப்படும்பொழுது குழந்தை எங்கே இருந்தது? உளியின் அருகே உட்கார்ந்து சீவல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்ததா, அன்றி அப்பாற் போ என்று விரட்டப்பட்டதா? இவ்வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. தந்தையும் தாயும் தம் சிறு மக்களோடு கூடியிருந்து செய்தற்குரிய எளிய மரவேலைகள் சிலவற்றை, இராமநாதபுரம் இராமேசுவரம் கடற்கரையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே, ஈண்டு விளக்கப் புகுகின்றேன்.

“இராமநாதபுரத்துச் சீமையிலே மரம் ஏது?” என்று நகைப்பார் உளர். தேக்கும் ஈட்டியும் இங்கு விளைவதில்லை என்பது உண்மையே. ஆயினும் பனை உண்டு. குடைபோல் விரிந்து நிற்கும் உடைமரம் உண்டு. கிணற்றடிதோறும் பூவரசு உண்டு. வேலியில் கலியாண முருங்கை உண்டு. வேம்பு எங்கும் உண்டு. இவற்றினும் மிகுதியாக, வேண்டாத விருந்தாய் வந்து கண்மாய்களையும் தரிசுகளையும் பற்றிக்கொண்ட சீமைக் கருவேலமும் உண்டு. அதனை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்குவதன்றி வேறொரு பயனும் நம்மவர் காணவில்லை. அதன் வயிரமோ உறுதியானது. காயும்பொழுது பிற மரங்களைப்போல மிகச் சுருங்குவதில்லை. பம்பரத்திற்கு அதனினும் ஏற்ற மரத்தை இவ்வட்டாரத்தில் யான் கண்டதில்லை. முள் மட்டும் பொல்லாதது. ஆதலின் கிளையை வெட்டி முட்களைக் களைந்து கொடுக்கும் வேலை பெரியவர்க்கே உரியது.

மூன்று நான்கு வயதுக் குழந்தையோடு தொடங்குவோர் மரத்தைத் தொடுதற்கு முன் பனையைத் தொடுதல் நலம். நுங்கு உண்டபின் எஞ்சிய கூடுகள் இரண்டை எடுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் துளையிட்டு, ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகினால் வண்டி ஆயிற்று. கவட்டைக் கம்பு ஒன்றைக் குச்சியின் நடுவில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடலாம். இதில் என்ன கல்வி இருக்கின்றது என்று வினவுவோர், ஒரு முறை துளையை நடுவில் இடாது சற்று ஓரத்தில் இட்டுப் பார்க்க. வண்டி நொண்டி நொண்டிச் செல்லும். ஏன் நொண்டுகின்றது என்று குழந்தையே கேட்கும். அடுத்த கூட்டில் துளையிடுமுன் நடுவிடத்தைத் தானே விரலால் தேடும். வட்டத்திற்கு மையம் உண்டு என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அக்குழந்தை அதனை அறிந்துவிடுகின்றது.

ஓலைக் காற்றாடியும் அவ்வாறே. பனையோலை நறுக்குகள் இரண்டைக் குறுக்காக மடித்துக் கோத்து, நடுவில் உடைமுள்ளைப் பாய்ச்சி, முள்ளின் நுனியைச் சோளத்தட்டையின் நெட்டியிற் குத்திவிடுவர். இதழ்களை ஒரே திசை நோக்கிச் சற்றே முறுக்கி வைத்தாலன்றிக் காற்றாடி சுழலாது. முறுக்கை மாற்றினால் சுழலும் திசையும் மாறும். பனைமட்டையிலும் படகு, மாடு, ஏர், பந்தடிக்கும் மட்டை எனப் பல செய்யலாம். ஆனால் அதன் இருமருங்கும் உள்ள கருக்கு வாளினும் கொடியது. அரிவாளால் அதனை முற்றும் சீவி எறிந்த பின்னரே மட்டை குழந்தையின் கைக்குச் செல்லவேண்டும்.

இனி மரத்திற்கு வருவோம். இக்கரையிலே தந்தை மரவேலை செய்ய மகன் அருகிருந்து கண்ட வரலாறு ஒன்று உலகறிந்ததாய் இருக்கின்றது. 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 15-இல் இராமேசுவரத்திற் பிறந்து, இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியிலும் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியிலும் பயின்று, பின்னாளில் இந்தியக் குடியரசின் தலைவராய் விளங்கிய டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்கள், 1999-இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் இதனைக் கூறியிருக்கின்றார். அவருக்கு ஏறக்குறைய 6 வயது ஆயிருந்தபொழுது, அவர்தம் தந்தையார் ஜைனுலாப்தீன் அவர்கள், இராமேசுவரத்தினின்று தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லும்பொருட்டு மரப்பாய்க்கப்பல் ஒன்றைக் கடற்கரையில் கட்டத் தொடங்கினார். உறவினராகிய அகமது ஜலாலுத்தீன் உதவியாய் நின்றார். விறகுத் தீயின் வெம்மையால் மரங்கள் பக்குவம் செய்யப்பட்டதையும், படகு நாளுக்கு நாள் உருப்பெற்றதையும் அச்சிறுவர் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் ஒரு புயல் அப்படகை அடித்துச் சென்றது. வானூர்திகளையும் ஏவுகணைகளையும் கட்டிய ஒருவர், தாம் முதன்முதற் கண்ட கட்டுமானத்தைக் கடைசிவரை மறவாதிருந்தார் என்பதே எனக்கு வியப்பாய்த் தோன்றுகின்றது. படகினைப் பார்த்தமையாலேதான் அவர் பெரியவரானார் என்று கூற யான் துணியேன். அங்ஙனம் காரணம் காட்டுதல் கதை சொல்வோர்க்கு எளிது. ஆனால் அத்தந்தையார் மகனை அவ்விடத்தினின்று விரட்டவில்லை என்பது மட்டும் உறுதி.

தீயினால் மரத்தைப் பக்குவம் செய்தல் என்பது யாது? பச்சை மரத்தில் நீர் மிகுதி. அது மெல்ல வெளியேறினால் மரம் செவ்வையாய் உலரும். மேலும் மரத்தின் நார்களைப் பிணைத்து நிற்கும் பசைப்பொருள், ஈரமும் வெம்மையும் ஒருங்கு சேர்ந்தால் இளகும். அந்நிலையில் வளைத்துக் கட்டி ஆறவிட்டால் வளைந்தபடியே நின்றுவிடும். நேரான பலகை படகின் வயிற்றுக்கு ஏற்ற வளைவைப் பெறுவது இம்முறையால்தான். வீட்டிலும் இதனைச் செய்து காட்டலாம். மெல்லிய மூங்கிற்பத்தை ஒன்றைக் கொதிநீரில் ஊறவிட்டு, ஒரு செம்பின் புறத்தே வளைத்துக் கட்டி, மறுநாள் அவிழ்த்துப் பார்க்க. சிறுகூடைக்குப் பிடி கிடைத்துவிடும். கொதிநீரைக் கையாளுதல் பெரியவர் வேலை. கட்டுதலும், மறுநாள் வரை பொறுத்திருத்தலும் குழந்தையின் வேலை. இவற்றுள் பின்னதே கடினம்.

மரத்தின் இயல்பை அறியாது யான் பட்ட இழுக்கு ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். என் மகளுக்கு ஒரு வண்டி செய்ய எண்ணி, வேப்பங்கிளை ஒன்றைக் குறுக்கே அறுத்து நான்கு வட்டுகளை எடுத்தேன். இயற்கையே உருட்டிக் கொடுத்த சக்கரங்கள் என்று பெருமிதமும் கொண்டேன். ஒரு வாரம் செல்லுமுன் நான்கும் விளிம்பினின்று நடு வரை பிளந்தன. “அப்பா, சக்கரம் வாயைத் திறந்துவிட்டதே!” என்றாள் மகள். கடற்கரையில் முன்னாளில் படகு கட்டி வந்த முதிய ஓடாவி ஒருவரிடம் அவ்வட்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினோம். அவர் சிரித்து, “தம்பி, கட்டையைக் குறுக்கே அறுத்தால் வாய் திறக்கத்தான் செய்யும். பலகையிலே வட்டம் போட்டு எடுங்கள்” என்றார். காரணம் பின்னர் விளங்கிற்று. மரம் உலரும்பொழுது எல்லாத் திசையிலும் ஒரே அளவாய்ச் சுருங்குவதில்லை. நீளவாட்டில் சுருக்கம் மிக அற்பம். நடுவினின்று பட்டையை நோக்கிய திசையில் அதனினும் மிகுதி. வளையங்களின் சுற்றுவாட்டிலோ, பெரும்பாலான மரங்களில், அதனினும் ஏறக்குறைய இருமடங்கு. சுற்றளவு மிகச் சுருங்க, ஆரம் அவ்வளவு சுருங்காதொழிய, வட்டு எங்கேனும் ஓரிடத்தில் பிளந்தே தீரும். பலகையினின்று வெட்டிய சக்கரத்தில் இத்தொல்லை இல்லை. நம் மாணாக்கர் கணித வகுப்பில் வட்டத்தின் சுற்றளவையும் ஆரத்தையும் பற்றி எத்தனையோ முறை எழுதுகின்றனர். அவ்விரண்டிற்கும் நேரும் பூசலை ஒரு வேப்பங்கட்டையிற் கண்டவர் சிலரே.

நடைவண்டிக்குப் பூவரசம்பலகை மிக ஏற்றது. முக்கோணமாய் அமைந்த அடிச்சட்டம். முன்னே ஒன்றும் பின்னே இரண்டுமாக மூன்று சக்கரங்கள். பற்றி நடப்பதற்குக் குறுக்குக் கைப்பிடி. ஒரு வயதுக் குழந்தைக்குக் கைப்பிடியின் உயரம் ஏறத்தாழ 1½ அடி இருக்கலாம்; ஆனால் அளவுகோலைக் காட்டிலும் குழந்தையையே அருகில் நிறுத்தி மார்பளவு பார்த்துக்கொள்ளுதல் நன்று. 4 அங்குலக் குறுக்களவுள்ள சக்கரம் போதும். அச்சுத் துளை அச்சினும் சிறிதே பெரிதாய் இருக்கவேண்டும். மெழுகுவத்தித் துண்டை உள்ளே தேய்த்துவிட்டால் கீச்சொலி எழாது. இங்கே பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. வண்டி எவ்வளவு இலேசாய் ஓடுகின்றதோ அவ்வளவு நல்லது என்று கருதி, மெல்லிய பலகையால் செய்துவிடுகின்றனர். அது குழந்தையை முந்தி ஓடி, குழந்தையை முகங்குப்புற வீழ்த்தும். அடிச்சட்டம் கனமாயும், சக்கரங்கள் சற்று இறுக்கமாயும் இருத்தலே வேண்டுவது. தம்பிக்கோ தங்கைக்கோ நடைவண்டி செய்யும்பொழுது ஏழெட்டு வயதுப் பிள்ளையை உடன் சேர்த்துக்கொண்டால், அப்பிள்ளை சட்டத்தின் கூர்முனைகளையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்து மழுக்கும் வேலையைத் தானாகவே ஏற்றுக்கொள்ளும். முற்காலத்தில் உப்புத்தாளுக்கு மாற்றாகச் சொரசொரப்பான பிராய் இலையைத் தச்சர் பயன்படுத்தினர். அம்மரம் அருகில் உள்ளோர் அதனையும் தேய்த்துப் பார்க்கலாம்.

சாயம் பூசுதல் பற்றி ஒரு சொல். கைக்குழந்தை எப்பொருளையும் வாயில் வைக்கும். சாயங்கள் சிலவற்றில் ஈயம் கலந்திருக்கும். ஈயம் குழந்தையின் மூளைக்குத் தீங்கு செய்வது. ஆதலின் ஐயத்திற்கு இடமான சாயத்தைப் பூசுவதினும் மரத்தை அதன் இயல்பான நிறத்தில் விட்டுவிடுதலே மேல். மைசூர் நாட்டுச் சன்னபட்டணத்துத் தச்சர் வெப்பாலை மரத்தைக் கடைந்து, கடைசற்பட்டறையிற் சுழலும்பொழுதே அரக்கை அழுத்தி, உராய்வின் சூட்டால் அது உருகிப் படியுமாறு நிறமேற்றுவர். அது தேர்ந்தோர் தொழில், வீட்டில் இயலாது. அன்றியும், அரளிக் குச்சியை எக்காரணம் பற்றியும் விளையாட்டுப் பொருளுக்கு எடுக்கலாகாது. அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு. கள்ளிப்பால் கண்ணுக்குக் கேடு.

கருவிகளைக் குறித்து அஞ்சுவோரே மிகுதி. அவ்வச்சம் தவறன்று. ஐந்து வயதுக் குழந்தைக்குக் கத்தி வேண்டா. உப்புத்தாளும், மெழுகும், அளக்கும் கயிறும், சிறு சுத்தியலும் போதும். ஆணியை விரலாற் பிடித்தால் அடி விரலில் விழும். நுனி பிளந்த பனைமட்டைத் துண்டில் ஆணியைக் கவ்வவைத்துப் பிடித்தால் விரல் தப்பும். பலகையின் ஓரத்தில் ஆணி அடித்தால் பலகை பிளந்துவிடும் என்பதை யாவரும் அறிவர். ஆணியின் கூர்நுனியைச் சிறிது தட்டி மழுக்கிவிட்டு அடித்தால் அவ்வளவு பிளவாது. கூர்நுனி நார்களை ஒதுக்கிப் பிளக்கின்றது. மழுங்கிய நுனி அவற்றை நசுக்கிக்கொண்டு இறங்குகின்றது. எட்டு வயதுக்கு மேல் கத்தி கொடுக்கலாம். உட்கார்ந்தே சீவவேண்டும், உடலுக்கு அப்பாலே சீவவேண்டும், மழுங்கிய கத்தி கூரிய கத்தியினும் ஆபத்தானது, ஏனெனில் அது மிகுந்த பலத்தை வேண்டுகின்றது, பலம் மிகுந்தால் கை வழுக்குகின்றது. இவை அனைத்தையும் மகளுக்கு உபதேசித்த அன்று மாலையே என் இடக்கைப் பெருவிரலை யானே அறுத்துக்கொண்டேன். அவள் துணி கொண்டுவந்து கட்டினாள். உபதேசம் எதனையும் அவள் திருப்பிச் சொல்லவில்லை.

கைவேலையைக் கல்வியின் பகுதியாகக் கொள்ளுதல் புதிய கொள்கையன்று. பின்லாந்து தேசத்தில் ஊனோ சிக்னேயஸ் என்பாரின் முயற்சியால் 1866-இலேயே பொதுப்பள்ளிகளில் கைத்தொழில் கட்டாயமாக்கப்பட்டது. சுவீடன் தேசத்து நேஸ் என்னுமிடத்தில் 1870-களில் ஆட்டோ சாலமன் என்பார் ‘ஸ்லாய்டு’ எனப்படும் மரவேலைப் பயிற்சியை ஆசிரியர்க்குக் கற்பிக்கலாயினார். பிள்ளை செய்யும் பொருள் வீட்டிற்கு உண்மையிற் பயன்படுவதாய் இருக்கவேண்டும் என்பது அவர் வகுத்த நெறிகளுள் ஒன்று. நம் நாட்டில் 1937-இல் வார்தாவிற் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலின் வாயிலாகவே கல்வி புகட்டும் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார்.

இவ்விடத்தில் வாசகர் ஒருவர் குறுக்கிட்டு, “தந்தையின் தொழிலை மகன் கற்கவேண்டும் என்றன்றோ 1953-இல் சொன்னார்கள்?” என்று கேட்கக்கூடும். கேட்பது முறையே. அவ்வாண்டில் சென்னை இராச்சியத்தில் இராஜாஜி அவர்களின் அரசாங்கம் தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய வேளையில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும் என்று திட்டம் வகுத்தது. அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் எதிர்த்தனர். 1954-இல் காமராஜர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது. எதிர்த்தோர் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் துணிபு. தச்சன் மகன் உளியோடும், குயவன் மகன் சக்கரத்தோடும், வக்கீல் மகன் புத்தகத்தோடும் நின்றுவிடுவது கல்வியாகாது. யான் இங்கே வேண்டுவது அதற்கு நேர்மாறானது. வக்கீலும் ஆசிரியரும் கணக்கரும் தம் புதல்வரோடு மட்டுமன்றிப் புதல்வியரோடும் உளி பிடிக்கவேண்டும். ஓடாவியின் பேரன் இக்கல்லூரியில் வந்து பௌதிகம் கற்கவேண்டும். பட்டம் பெற்ற நம்மவர் பலர் வீட்டில் நாற்காலியின் கால் ஆடினால் அதன்கீழ் மடித்த காகிதத்தை வைக்கின்றனரேயன்றி ஆப்பு அடிக்க அறியார். அறியாமை குற்றமன்று; அதனைத் தாழ்ந்த வேலை என்று எண்ணி அறிய விரும்பாமையே குற்றம். அவ்வெண்ணத்தைப் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்தே கற்றுக்கொள்கின்றனர்.

இறுதியாகச் சிறுபடகு. கலியாண முருங்கையின் மரம் இலேசானது, மெத்தென்றது. உளிக்கு எளிதில் இணங்கும். நன்கு உலர்ந்த ஒரு சாண் நீளத் துண்டை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியின் முன்னும் பின்னும் கூர்மையாகச் சீவி, நடுவைக் குடையவேண்டும். குடையும்பொழுது நார்ப்போக்கிற்கு எதிராக உளியைச் செலுத்தினால் மரம் பிய்ந்து வரும். இரு முனைகளினின்றும் நடுவை நோக்கிக் குடைந்தால் வழவழப்பாய் வரும். மூங்கிற்குச்சி பாய்மரம், பழைய வேட்டியின் கிழிசல் பாய். எம் முதற்படகு நீரில் வைத்தவுடனே கவிழ்ந்தது. பாய்மரம் நெடிது, அடியிற் கனம் இல்லை. உள்ளே கூழாங்கல் இரண்டை வைத்தபின் நிமிர்ந்து நின்றது. ஆயின் காற்று அடித்தபொழுது மீண்டும் சாய்ந்தது.

இதற்கு மருந்து இக்கரையோரத்திலேயே இருந்தது. பாக்கு நீரிணைப் பக்கத்து வத்தைகளில் படகின் குறுக்கே நீண்ட பலகை ஒன்றை இருபுறமும் வெளியே நீளும்படி பொருத்துவது முன்னாள் வழக்கம். காற்று வரும் பக்கத்துப் பலகையின் முனையில் ஆட்கள் ஏறி அமர்ந்து, அவர்தம் கனத்தால் படகைச் சாயாமற் காப்பர். சென்னை மாகாண மீன்துறையில் இயக்குநராய் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் என்பார் 1920-இல் வெளியிட்ட இந்தியப் படகுகளைப் பற்றிய ஆராய்ச்சியிலும் இத்தகைய பலகைகளை எடுத்துக் கூறியுள்ளார். 2004-ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப் பின் கண்ணாடி இழைப் படகுகள் மிகப் பெருகின. பாய் விரித்த வத்தையைக் காண்டல் இன்று அரிது. நாங்கள் ஒரு பனைமட்டைச் சிம்பைக் குறுக்கே கட்டி, காற்றுப் பக்க முனையில் ஒரு களிமண் உருண்டையை ஒட்டினோம். படகு நிமிர்ந்தது. “இவர்தான் பலகையிலே உட்கார்ந்திருக்கிற ஆள்” என்று மகள் அவ்வுருண்டைக்குச் சிப்பித்துண்டால் ஒரு தலைப்பாகையும் வைத்தாள். அவரை நடுவிற்கு நகர்த்தினால் படகு சாய்வதையும், முனைக்குத் தள்ளினால் நிமிர்வதையும் அவளே பலமுறை செய்து பார்த்துக்கொண்டாள்.

ஆனி மாதத்தில் ஒருநாள் அதனை இராமேசுவரத்தின் வடகரைக்குக் கொண்டுசென்றோம். தென்கடலை ஆண்கடல் என்றும் வடகடலைப் பெண்கடல் என்றும் அங்குள்ளோர் கூறுவர். அம்மாதத்தில் வடகரை குளம்போல் இருக்கும். ஆனால் கச்சான் காற்று நிலத்தினின்று கடலை நோக்கி வீசும் காலம் அது என்பதை யான் எண்ணவில்லை. நூல் கட்டித்தான் விட்டோம். முடிச்சு யான் போட்டது. படகு பாய் விரித்து, தலைப்பாகைக்காரர் தம் இடத்தில் அமர்ந்திருக்க, வடகிழக்கே நேராய்ச் சென்றது. அருகில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், “நல்லாத்தான் ஓடுது, ஆத்தா” என்றார். கண்ணுக்கு எட்டும் வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். மறுநாட்காலையில், பிளந்த மரத்தின் மற்றப் பாதியை எடுத்துவந்து என் முன் வைத்து, முடிச்சுப் போடும் வேலையை இம்முறை தானே செய்வதாக மகள் கூறினாள்.